குடை விரிஞ்சுட்டா?

சனிக்கிழமை காலையில விமானத்துல ஏறி, அது தரையிறங்குற வரைக்கும் காத்திருக்காம நடுவழியிலயே குதிச்சுட்டு வர்ற ஆள் நான்னு தெரிஞ்சதும், நம்ம மக்கள் கேக்குற முதல் கேள்வி, "பாராசூட் விரியலைன்னா?" ரெண்டாவது கேள்வி, "ஒரு தடவைக்கு எவ்ளோ ஆகும்?" ஆளைப் பொறுத்து வரிசை மாறும், அவ்ளோதான். :-)

கலிஃபோர்னியாவுல பொட்டி தட்டுற வேலை. வார இறுதியானா ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப்போய் குதிக்கிறது. அறுபத்திச் சொச்சம் தடவை ஆச்சு. இதுவரைக்கும் வாடகை ரிக்தான். ரிக்குன்னா முதுகுல மாட்டுற முழு செட்டு: பை, வார், உள்ளே ரெண்டு குடை, ஒரு சின்ன கம்ப்யூட்டர். எல்லாம் புதுசா வாங்கினா எட்டாயிரம், பத்தாயிரம் டாலர் வரைக்கும் போகும். அதனால எல்லாரும் முதல்ல பழசுதான் தேடுவாங்க. நானும் ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருந்தேன்.

தங்கமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க. "என்ன வாங்குறே, ஏன் வாங்குறேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அப்புறமா கார்டைத் தேய்." அவங்க டெஸ்டிங்ல இருக்கறவங்க. அவங்களுக்குப் புரியற மாதிரின்னா என்ன அர்த்தம்னு நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில ஒரு நோட்டு, பேனாவோட உக்காந்துட்டாங்க.

முதல் டெஸ்ட் கேஸ் எல்லாரும் கேக்குறதுதான். மெயின் குடை சரியா விரியலைன்னா?

ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை அப்படி ஆகும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க. கயிறு முறுக்கிக்கும், இல்லைன்னா குடை பாதி விரிஞ்சு சுத்த ஆரம்பிக்கும். அப்ப செய்ய வேண்டியது ரெண்டு காரியம். வலது பக்கப் பிடியை இழுத்து மெயினைக் கழட்டி விடணும், இடது பக்கப் பிடியை இழுத்து ரிசர்வைத் திறக்கணும். இந்த வரிசையிலதான் செய்யணும். மெயின் தலைக்கு மேல சுத்திக்கிட்டிருக்கும்போதே ரிசர்வைத் திறந்தா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும்.

இந்தக் கழட்டி விடுற சமாச்சாரத்தை 1970களின் நடுவுல பில் பூத்ங்கிற அமெரிக்கர் கண்டுபிடிச்சார். தோள்ல மூணு வளையம். பெரிய வளையத்துக்குள்ள நடு வளையம், அதுக்குள்ள சின்ன வளையம், அதை ஒரு கயிற்றுக் கண்ணி பிடிச்சிருக்கும், அந்தக் கண்ணிக்குள்ள ஒரு மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல் மாதிரி. மேல தொங்குற பாரமெல்லாம் படிப்படியாக் குறைஞ்சு, கடைசியில அந்தக் கேபிள்ல விழுறது ரொம்பக் கொஞ்சம். அதனால ஒரு பிடியை ஒரு இழு இழுத்தா ரெண்டு தோள்லயும் ஒரே நேரத்துல கழண்டுக்கும். அதுக்கு முன்னாடி இருந்த இரும்புக் கொக்கிகளை ரெண்டு தோள்லயும் தனித்தனியாக் கழட்டணும். ஒண்ணு கழண்டு இன்னொண்ணு கழளலைன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பேட்டரி கிடையாது, ஸ்ப்ரிங் கிடையாது. இன்னிக்கும் அதே மூணு வளையம்தான். நான் பாத்த இன்ஜினியரிங் வேலைகள்லயே அழகானது எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

"மெயின்டனன்ஸ்?"னு கேட்டாங்க தங்கமணி. இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை வளையத்தைப் பிரிச்சு, நாடாவை முறுக்கி மடக்கிப் பிசையணும், கேபிளைத் துடைக்கணும். நாடா விறைச்சுப் போனா வளையம் சரியா உருளாது. பழைய ரிக் வாங்கும்போது முதல்ல பாக்க வேண்டிய இடங்கள்ல இது ஒண்ணு. பத்து நிமிஷ வேலைதான். எத்தனை பேர் செய்யறாங்கங்கிறது வேற விஷயம்.

ரெண்டாவது கேஸ்: ரிசர்வும் விரியலைன்னா?

மெயினை நானே மடிச்சு வைக்கலாம். ரிசர்வ்ல நான் கையே வைக்க முடியாது. அமெரிக்காவுல அதுக்கு அரசு உரிமம் வாங்கின ரிக்கர்னு ஒருத்தர் இருக்கணும். அவர் பிரிச்சுப் பாத்து, காத்தாட விட்டு, திரும்ப மடிச்சு, ஈயத்துல தன்னோட முத்திரையை வெச்சு மூடுவார். 180 நாளைக்கு ஒரு தடவை இதைச் செய்யணும். 2008 வரைக்கும் 120 நாளா இருந்தது. நான் குதிச்சேனோ இல்லையோ, தேதி முடிஞ்சா அந்த ரிக்கோட விமானத்துல ஏற முடியாது.

நம்ம ப்ராஜெக்ட்ல பேக்கப் சர்வர்னு ஒண்ணை வாங்கி, மெயின் சர்வர் இருக்குற அதே ரேக்ல, அதே ப்ளக்ல சொருகி வெப்போமே, அந்த மாதிரி இல்லை. மெயினையும் ரிசர்வையும் வேற வேற ஆள் மடிக்கிறாங்க. துணி வேற. மெயின் துணியில காத்தே புகாது, வழுவழுன்னு இருக்கும். ரிசர்வ் துணி கொஞ்சம் காத்து புகற பழைய ரகம், விரியறதுல நம்பகமானது. ஒரே தப்பு ரெண்டையும் ஒண்ணாக் கெடுக்கக்கூடாதுங்கிறதுதான் கணக்கு.

தங்கமணி நோட்டுல டிக் போட்டாங்க. அடுத்தது, "நீ மயக்கமாயிட்டா?"

இதுக்குத்தான் அந்தச் சின்ன கம்ப்யூட்டர். ஏ.ஏ.டி.ன்னு சொல்லுவாங்க. சைப்ரஸ்னு (தீவு இல்லீங்க) ஜெர்மனிக்காரங்க 1991ல கொண்டுவந்தது ரொம்பப் பிரபலம். பெல்ஜியத்துலேர்ந்து விஜில், செக் நாட்டுலேர்ந்து எம்2ன்னு போட்டியும் இருக்கு. வேலை என்னமோ எளிமையானதுதான். காத்தழுத்தத்தை வெச்சு உயரத்தையும் வேகத்தையும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். தரையிலேர்ந்து சுமார் 750 அடியில இருக்கும்போது நான் இன்னும் செகண்டுக்கு 35 மீட்டருக்கு மேல விழுந்துக்கிட்டிருந்தா, ஒரு குட்டி வெடி வெடிச்சு, ஒரு குட்டிக் கத்தி பாஞ்சு, ரிசர்வ் பையை மூடி வெச்சிருக்குற கயிற்றை அறுத்துடும். பத்தாயிரம் டாலர் சமாச்சாரம் கடைசியில ரெண்டு டாலர் கயிற்றுக் கண்ணியிலதான் நிக்குது.

750 அடின்னா எவ்ளோ நேரம்? வயித்தைத் தரைப்பக்கம் காட்டி விழுந்தா வேகம் மணிக்கு 120 மைல். கணக்குப் போட்டா நாலேகால் செகண்ட். எங்க ஆபீஸ்ல லாகின் ஆகவே அதைவிட நேரமாகும்.

ஆனா இந்தக் கருவி செய்ய வேண்டிய கஷ்டமான வேலை வெடிக்கிறது இல்லை. வெடிக்காம இருக்கறது. நான் நல்லபடியா குடையில தொங்கிக்கிட்டிருக்கும்போது இது பாட்டுக்கு ரிசர்வைத் திறந்து விட்டா, என்னைக் கொல்றதே இதுவாயிடும். சைப்ரஸுக்கு முன்னாடி இருந்த மெக்கானிக்கல் கருவிகளை அனுபவசாலிங்க நிறைய பேர் மாட்ட மாட்டேன்னதுக்கு அதுதான் காரணம். வேணும்போது வேலை செய்யாதுங்கிற பயத்தைவிட வேணாதபோது வேலை செஞ்சுடும்ங்கிற பயம். சைப்ரஸை ஆன் பண்ற விதத்தையே பாருங்க. பட்டனை ஒரு தட்டு தட்டணும், சிவப்பு விளக்கு மின்னும், உடனே தட்டணும், இப்படி நாலு தடவை. ஒரு தட்டு தப்பினா கதவைச் சாத்திக்கும். பையில ஏதோ இடிச்சு தானா ஆன் ஆயிடக்கூடாதுன்னு ஒரு ஆள் உக்காந்து யோசிச்சிருக்கார் பாருங்க. அந்த ஆளை எங்க டீமுக்குக் கூட்டிட்டு வரணும்.

ஆன் ஆனதும் அந்த இடத்தோட காத்தழுத்தத்தைத் தரைன்னு எடுத்துக்கும். அதனால வீட்டுலயே ஆன் பண்ணிட்டு மலையேறிப் போய்க் குதிக்கக்கூடாது. போய்ச் சேர்ந்த இடத்துல ஆன் பண்ணணும். பதினாலு மணி நேரத்துல தானா அணைஞ்சுடும். கருவிக்கு ஆயுளும் உண்டு. 2016லேர்ந்து செஞ்ச சைப்ரஸுக்குப் பதினைஞ்சரை வருஷம். பழைய ரிக் ஒண்ணு மலிவா வந்தா, முதல்ல ஏ.ஏ.டி. எந்த வருஷத்துதுன்னு பாருங்க. மலிவா இருக்கறதுக்குக் காரணம் அங்கயே கிடைச்சுடும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. நான் ரொம்பக் கீழ வந்து மெயினைத் திறந்தேன்னு வைங்க. அது விரிஞ்சு முடிக்கிறதுக்குள்ள ஏ.ஏ.டி. "ஐயய்யோ, இவன் இன்னும் விழுறானே"ன்னு ரிசர்வையும் திறந்துடும். தலைக்கு மேல ரெண்டு குடை. ஒண்ணு ஒரு பக்கமும் இன்னொண்ணு எதிர்ப்பக்கமும் இழுக்க ஆரம்பிச்சா நேரா தரைக்குத்தான். அனுபவசாலிங்க மெயினைத் திறக்க வேண்டிய குறைஞ்சபட்ச உயரத்தை அமெரிக்க பாராசூட் சங்கம் 2013ல 2000 அடியிலேர்ந்து 2500 அடியா உயர்த்தினதுக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். ஒரு பாதுகாப்பு வந்தா அது உக்கார இடம் பண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கு.

தங்கமணி மூணாவது டிக்கும் போட்டாங்க. நோட்டை மூடப் போறாங்கன்னு நினைச்சேன். பேனாவைக் கடிச்சுக்கிட்டே கேட்டாங்க. "சரி, எல்லாம் விரிஞ்சுடுது. அப்புறமும் ஆளுங்க சாகறாங்கதானே? எப்படி?"

டெஸ்டர்னா டெஸ்டர்தான்.

அந்தச் சங்கத்தோட கணக்கைச் சொன்னேன். 1970கள்ல அமெரிக்காவுல இந்த விளையாட்டுல வருஷத்துக்கு சராசரியா நாப்பது பேருக்கு மேல இறந்தாங்க. 2023ல பத்து பேர், குதிப்புகள் சுமார் 36.5 லட்சம். 2024ல ஒன்பது பேர், சுமார் 38.8 லட்சம் குதிப்புகள். மேல சொன்ன வளையம், ரிக்கர், கருவி, பயிற்சி எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை இது. கொஞ்ச வேலை இல்லை.

ஆனா இடைப்பட்ட காலத்துல சாவு இடம் மாறிடுச்சு. முன்னெல்லாம் ஒண்ணுமே விரியாம, இல்லைன்னா ரொம்பக் கீழ வந்து திறந்து இறந்தவங்கதான் அதிகம். 1990களுக்கு அப்புறம், ஒரு கிழிசல் இல்லாத, அழகா விரிஞ்ச குடையில தொங்கிக்கிட்டே தரையில மோதி இறக்கறவங்க வரிசை ஒண்ணு சேர்ந்துக்கிச்சு. அதே பில் பூத்தான் இதைப் பத்தி ஒரு விதி சொல்லியிருக்கார். கருவி எவ்ளோ பத்திரமாகுதோ, அந்த அளவுக்கு ஆளுங்க புதுசா ஆபத்தைத் தேடிப் போய் கணக்கைச் சமன் பண்ணிடுவாங்கங்கிற அர்த்தத்துல. தன் கண்டுபிடிப்பைத் தானே நம்பி ஏமாறாத மனுஷன்.

நல்ல குடை எப்படிக் கொல்லும்? அளவுதான் விஷயம். இந்தக் குடை வட்டமா இருக்குற பழைய ராணுவக் குடை இல்லை. காத்து அடைச்ச துணி இறக்கை. முன்னால பாய்ஞ்சுக்கிட்டே இறங்கும். உடம்பு எடையையும் மாட்டியிருக்குற சாமான் எடையையும் பவுண்டுல கூட்டி, குடையோட பரப்பைச் சதுர அடியில எடுத்து வகுத்தா ஒரு எண் வரும். எனக்கு உடம்பு 160, சாமான் 25, மொத்தம் 185. 190 சதுர அடிக் குடைன்னா 0.97. புது ஆளுக்கு ஒண்ணைத் தாண்ட வேணாம்னு சொல்லுவாங்க. குடை சின்னதாக ஆக, எண் ஏறும், வேகம் ஏறும், திரும்புறது கூர்மையாகும். ஜாலியாவும் இருக்கும், அதை மறைக்க முடியாது. 

எல்லாம் ஒழுங்காப் போற நாள்ல சின்னக் குடையும் இறக்கி விட்டுடும். பிரச்சினை ஒழுங்காப் போகாத நாள்ல. காத்து மாறிடும், வேற வயல்ல இறங்க வேண்டி வரும், நூறு அடி உயரத்துல முன்னால ஒரு வேலியோ மின்கம்பியோ தெரியும். கை தானா ஒரு பக்கக் கயிற்றை முழுசா இழுக்கும். குடை சடார்னு அந்தப் பக்கம் சாஞ்சு, மூக்கைக் கீழ குத்திப் பாயும். திரும்ப நிமிர அதுக்கு உயரம் வேணும். பெரிய குடைக்குக் கொஞ்சம் போதும், சின்னக் குடைக்கு நிறைய வேணும். இந்த இடத்துல மூணு வளையத்துக்கு வேலை இல்லை. ரிசர்வ் விரிய நேரமில்லை. ஏ.ஏ.டி.க்கு எட்டிப் பாக்க ஒண்ணுமே இல்லை, ஏன்னா அதோட கணக்குப்படி நான் பத்திரமா குடையில வந்துக்கிட்டிருக்கேன். மூணு டிக்கும் வீண்.

இதுக்கு மருந்து பயிற்சிதான். ரெண்டு கயிற்றையும் பாதி இழுத்து வேகத்தைக் குறைச்சுக்கிட்டு, தட்டையா மெதுவாத் திரும்பறதை உடம்புல ஊற வைக்கணும். 2012லேர்ந்து 'பி' லைசென்ஸ் வாங்க குடை ஓட்டுற பயிற்சி கட்டாயம். நானும் முடிச்சேன். என்னைக் கேட்டா அதை முதல் லைசென்ஸுக்கே வெச்சிருக்கணும். நெதர்லாந்துல இத்தனை குதிப்புக்கு இன்ன அளவுக் குடைதான்னு விதியே வெச்சிருக்காங்க. இங்க அது அறிவுரையோட நிக்குது. யாரும் எதையும் வாங்கலாம்.

தங்கமணி இதுக்கு டிக் போடலை. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு, "அப்ப பெருசா வாங்கு"ன்னாங்க. 

வாங்கிட்டேன். 190 சதுர அடி மெயின், பழசு. ரிசர்வ் 176. ரிசர்வ் அளவுல நிறைய பேர் கவனம் வைக்கிறதில்லை, அதையும் சொல்லிடறேன். ஏ.ஏ.டி. ரிசர்வைத் திறக்குதுன்னா நான் மயக்கத்துல இருக்கலாம். அப்ப குடையை ஓட்டவும் ஆளில்லை, இறங்கும்போது கயிற்றை இழுத்து வேகத்தைக் குறைக்கவும் ஆளில்லை. அது கொண்டுபோய் எங்க, எந்த வேகத்துல போடுதோ அதுதான். முதுகுல பை சின்னதா அழகா தெரியணும்னு ரிசர்வைச் சின்னதா வாங்கறவங்க, கம்ப்யூட்டர் உயிரைக் காப்பாத்தும்னு மாட்டிக்கிட்டு, அது காப்பாத்தினதுக்கு அப்புறம் கால் உடையறதுக்கும் ஏற்பாடு பண்ணிக்கறாங்க.

என் கூடவே பயிற்சிக்குச் சேர்ந்த மதுரைக்கார நண்பன் ஒருத்தன் இருக்கான். எழுபது குதிப்பு. நல்லாப் பறக்கிறான், என்னைவிட நல்லா. 80 கிலோ ஆள், சாமானோட 200 பவுண்டு. அவனுக்கும் ஒரு பழைய ரிக் கிடைச்சிருக்கு. 150 சதுர அடி மெயின், 143 ரிசர்வ், ஏ.ஏ.டி. மூணு வருஷம்கூட ஆகலை, விலை என்னுதைவிடக் குறைச்சல். கணக்குப் போட்டா மெயினே 1.3ஐத் தாண்டுது. பெட்டியோட அளவும் அதுக்குத் தச்சது. 190 குடையை அதுக்குள்ள அடைக்க முடியாது. முதல்ல பெட்டியை வாங்கிட்டா, அளவை நாம இல்லை, பெட்டி முடிவு பண்ணும்.

என் குடையைப் பாத்துட்டு, "என்ன மாப்ள, கல்யாணத்துக்குப் பந்தல் எடுத்துட்டு வந்துருக்க?"ன்னான். சிரிச்சேன். அப்புறமா அந்தக் கணக்கையெல்லாம் காகிதத்துல எழுதிக் காட்டினேன். "ஏ.ஏ.டி. புதுசுடா. அதானே முக்கியம்?"ன்னான். எங்க பயிற்சியாளரும் வேணாம்னுதான் சொன்னார். அவர் சொல்லலாம், தடுக்க முடியாது.

பழைய ரிக் வாங்கறதுக்கு முன்னாடி ரிக்கர்கிட்ட பிரிச்சுக் காட்டறது வழக்கம். அது வரைக்கும் பணம் கைமாறாது. எங்க ஊர் ரிக்கர் அறுபதைத் தாண்டின ஒரு அம்மா, பேச்சு குறைவு. போன சனிக்கிழமை அவங்க அந்த ரிக்கைப் பிரிச்சு மேசையில விரிச்சாங்க. வளையம் பாத்தாங்க, தையல் பாத்தாங்க, கயிற்று நீளமெல்லாம் அளந்தாங்க. குறை ஒண்ணும் இல்லைன்னாங்க. அப்புறம் அவனை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு, "எத்தனை குதிப்பு?"ன்னு கேட்டாங்க. எழுபதுன்னான். ஒண்ணும் பேசலை. உள்ள போய், தன்கிட்ட இருந்த ஒரு 170 மெயினைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சாங்க. இறுக்கமாத்தான் இருக்கும், ஆனா இந்தப் பெட்டிக்குள்ள போகும், ஒரு சீசனுக்கு வாடகைக்கு எடுத்துக்கோ, 150ஐ மூட்டை கட்டி அலமாரியில வைன்னாங்க. அப்பவும் ரிசர்வ் 143தான், அதுக்கு அவங்களால ஒண்ணும் செய்ய முடியாதுன்னும் சொன்னாங்க.

திரும்பி வரும்போது கார்ல ரெண்டு மணி நேரமும் அவன் சினிமாப் பேச்சுதான் பேசினான். வீட்டு வாசல்ல இறங்கும்போது மட்டும், "170ன்னா எனக்கு எவ்ளோ வரும்?"னு கேட்டான். 1.2க்குக் கொஞ்சம் கீழன்னேன். ம்னுட்டுப் போயிட்டான்.

ரிக் இன்னும் அந்த அம்மாவோட மேசையிலதான் கிடக்கு, பக்கத்துல ரெண்டு குடை. சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கான்.